விடியுமுன் கிளம்பும் வண்டி

டெல்ஃபினா பராகானிடம் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன், நீயே படிச்சு சொல்லு" என்பாள். ஃப்ரெஸ்னோவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் எல் ரெபோசோவில் பீச் பழம் தரம் பிரிக்கிற கொட்டகையில் அவளும் நானும் ஒரே பெல்ட்டின் எதிரெதிர்ப் பக்கம் நின்று வேலை பார்த்தவர்கள். இரண்டு பருவம் அப்படியே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் கண்ணாடியே கிடையாது. ஓடுகிற பெல்ட்டில், பழத்தின் அடியில் குண்டூசித் தலை அளவு புழுத்துளை இருந்தாலும் எடுத்து வீசுகிற கண் அவளுக்கு.

நான் கேட்கவில்லை. அவளே ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"எனக்குப் படிக்க வராது ஒராலியா. ஸ்பானிஷும் வராது, இங்கிலீஷும் வராது. பேசச் சொல்லு, ரெண்டுலயும் சண்டையே போடுவேன்."

அவளுடைய அப்பா அம்மா மெக்ஸிகோவின் மிச்சோகானிலிருந்து வந்தவர்கள். இங்கே திராட்சை, வாஷிங்டனில் ஆப்பிள், பனிக்காலத்தில் திரும்பவும் இங்கே கொடி வெட்டு என்று பயிர் போன பக்கமெல்லாம் போனவர்கள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் பள்ளிக்கூடம் அவளைவிட நாலு பாடம் தள்ளிப் போயிருக்கும். வாசிக்கத் திணறியதைப் பார்த்த ஆசிரியர்கள், மெக்ஸிகோக்காரக் குழந்தை, பாஷை புரியவில்லை என்று முடிவு கட்டினார்கள். இங்கிலீஷ் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கான அறையில் வருடக்கணக்காக உட்கார வைத்தார்கள். அந்த அறையிலேயே நன்றாக இங்கிலீஷ் பேசியவள் அவள்தான். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு டீச்சர் சொல்வதை மொழிபெயர்த்துச் சொன்னவளும் அவள்தான்.

கேட்டது எதுவும் அவளுக்கு மறக்காது. அதை வைத்துத்தான் ஒப்பேற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை முந்தின நாளே பாடத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு வைத்துக்கொள்வாள். மறுநாள் வகுப்பில் புத்தகத்தைத் திறந்து கடகடவென்று ஒப்பிப்பாள். பத்தாம் வகுப்பில் வரலாற்று டீச்சர் எழுப்பி வாசிக்கச் சொன்னபோதும் அப்படித்தான் ஒப்பித்தாள். பக்கம் முடிந்தது அவளுக்குத் தெரியவில்லை. தாளைப் புரட்டாமலே அடுத்த பக்கத்தையும் சொல்லிக்கொண்டே போனாள். முதலில் ஒரு பையன் சிரித்தான். பிறகு வகுப்பே சிரித்தது. டீச்சர் புத்தகத்தை வாங்கி, வேறொரு பக்கத்தைத் திறந்து, "இத வாசி" என்று கொடுத்தார்.

டெல்ஃபினா புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தவள்தான். திரும்பப் போகவில்லை. அவள் அம்மா ஒர்த்தென்சியா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "அப்ப சரி, நாளைக்கு நாலு மணிக்கு எந்திரி. கைக்குட்டை, தொப்பி, கத்தரி எல்லாம் எடுத்து வை" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய பள்ளிக்கூடக் கதை.

பிறகு கல்யாணம், இட்செல் என்று ஒரு மகள், கணவன் வேலை தேடி நெவாடா போய் அங்கேயே தங்கிப்போனது என்று அடுத்தடுத்து நடந்தது. நான் அவளோடு பழக ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். பிறகு என் மகனுக்கு அவள் ஞானத்தாய் ஆனாள். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வோம். கோபம் வந்தால் மட்டும் பேர் சொல்லி.

*

பீச் பருவம் முடிந்தால் கொட்டகை மூடிவிடும். பனிக்காலத்தில் எல்லோரும் திராட்சைக் கொடி வெட்டப் போவோம். தோட்டம் தூரம். கார் உள்ளவர்கள் கொஞ்சம்தான். மேஸ்திரி ருத்திலியோ மேசா ஒரு வேன் வைத்திருந்தார். வேலை வேண்டுமென்றால் அவர் வேனில்தான் போக வேண்டும், அதற்குக் கூலியிலும் பிடித்துக்கொள்வார். வேனில் சீட்டெல்லாம் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பலகை அடித்திருந்தார். பின்கதவைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். சீட் பெல்ட் என்ற பேச்சே இல்லை.

ஒரு ஜனவரி காலை. எங்கள் பள்ளத்தாக்கில் இறங்குகிற மூடுபனியில் தன் கையே தனக்குத் தெரியாது. வேன் ரோட்டை விட்டு விலகி வாய்க்காலில் சாய்ந்தது. நான் அதில் இருந்தேன். தண்ணீர் முழங்கால் அளவுதான், யாரும் சாகவில்லை. எனக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. எங்களோடு வந்த, நாங்கள் மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடுகிற செனாய்தாவின் இடது கால் பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அறுபதை நெருங்கிய மனுஷி, அன்றைக்கு ஆரம்பித்த நொண்டல் அப்புறம் சரியாகவே இல்லை.

டெல்ஃபினா அன்று இட்செலுக்குக் காய்ச்சல் என்று வேலைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பெல்ட்டு. இது என்ன பெரிய வித்தையா?" என்றாள். "நான் ஓட்டறேன் வண்டி."

"கார் லைசென்ஸே குருட்டாம்போக்குல வாங்கின உனக்கு இத எப்படி குடுப்பாங்க? ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போற வண்டிக்குத் தனியா எழுத்துப் பரீட்சை இருக்குடி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீ படுத்துட்டுதான இருக்க. உனக்கு வாய் ஒடையலயே, படி" என்று சாலை விதிப் புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

நான் படிக்கப் படிக்க அவள் கேட்டாள். கோடையில் கொட்டகை திறந்ததும் பெல்ட் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் கேள்வி கேட்டேன்.

"ரயில் பாதை வந்தா வண்டிய எங்க நிறுத்துவ?"

"அம்பது அடிக்குள்ள. பதினஞ்சு அடிக்குக் கிட்ட போகக் கூடாது."

கொஞ்ச நாளில் பெல்ட்டில் நின்ற எல்லாப் பெண்களுக்கும் பாடமாகிவிட்டது. நான் கேள்வி கேட்டு முடிக்குமுன் கோடியில் பெட்டி அடுக்குகிறவள் பதில் சொல்வாள். அவளைப் போய்ப் பரீட்சை எழுதச் சொல்லியிருந்தால் அன்றைக்கே லைசென்ஸ் வாங்கியிருப்பாள்.

டெல்ஃபினா போனாள், தோற்றாள். திரையில் வரிசையாக எழுத்து வந்து நின்றதும் தலைக்குள் ஒன்றும் இல்லாமல் போய்விட்டதாம். மறுபடி போனாள், மறுபடியும் தோற்றாள். இரண்டாம் முறை வந்தபோது, "மக்குக்கு எதுக்கு இந்த ஆசையெல்லாம்" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. ஆனால் அந்த வார்த்தை அவள் வாயில் பழகிய வார்த்தையாக இருந்தது.

*

அந்த இலையுதிர் காலத்தில்தான் இட்செலின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போடக் காகிதம் இருக்கும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம், "என்ன உக்கார வச்ச மாதிரி என் புள்ளயயும் அந்தப் பின்பக்க ரூமுக்கு அனுப்பட்டும், அப்ப இருக்கு அவங்களுக்கு" என்று கறுவிக்கொண்டே வந்தாள்.

உள்ளே இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண், பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிறவள். எங்கள் பாஷையைக் கொஞ்சம் தடுமாறித்தான் பேசினாள்.

"இட்செல் நல்ல கெட்டிக்காரி. ஆனா எழுத்தப் பாக்குறப்ப அதோட சத்தம் அவளுக்கு ஒட்ட மாட்டேங்குது. ஒரு வார்த்தைய இந்த வரில கஷ்டப்பட்டு படிச்சுருவா, அடுத்த வரில அதே வார்த்தை வந்தா புதுசா பாக்குற மாதிரி பாப்பா. காதால கேட்டா எல்லாம் நிக்குது. கேட்ட கதைய அப்படியே திருப்பிச் சொல்றா. இதுக்கு டிஸ்லெக்சியான்னு பேரு. புத்திக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. வேற மாதிரி சொல்லிக் குடுத்தா படிச்சுருவா."

சண்டைக்கென்று வந்தவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். கடைசியில், "இது பெரியவங்களுக்கும் இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும். அம்மா அப்பாகிட்டருந்து வர்றதும் உண்டு."

வெளியே வந்து காரில் ஏறினோம். சாவியைப் போட்டாள், திருப்பவில்லை.

"இதுக்கு ஒரு பேரு இருக்கு, பாத்தியா? இத்தன வருஷமா ஒரு பேரு இருந்திருக்கு. ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லல" என்றாள். பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்தவள் கேட்ட அடுத்த கேள்வி: "அந்த லைசென்ஸ் ஆபீஸ்ல காதால கேட்டு எழுதுற பரீட்சை இருக்குமாடி?"

இருந்தது. கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு அதைக் கேட்டு வாங்கத் தெரியாமல்தான் இத்தனை நாள் போயிருந்தது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரே தடவையில் தேறினாள். பிறகு வண்டி ஓட்டிக்காட்டுகிற பரீட்சை, அதில் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

*

கொட்டகைப் பெண்கள் நாங்கள் மாதாமாதம் பணம் கட்டிச் சீட்டுப் போடுவது வழக்கம். அந்த முறை முதல் சீட்டுப் பணத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்தோம். ஒரு தேவாலயம் விற்க வைத்திருந்த பழைய வேனை வாங்கினாள். எல்லா இருக்கைக்கும் புது பெல்ட் போட்டாள். விடியுமுன் தெருமுனையில் நின்று ஆட்களை ஏற்றிக்கொள்வாள். நானும் கொட்டகையை விட்டுவிட்டு அவளோடு பழம் பறிக்கப் போனேன். தோன்யா செனாய்தா ஏணியேறிப் பறிக்க முடியாததால், சூடாக ரொட்டியில் பீன்ஸ் வைத்து பரித்தோ சுருட்டி எடுத்துக்கொண்டு விற்பதற்காகக் கூடவே வந்தாள். விற்பதைவிட அதிகாரம் செய்வதுதான் அதிகம். பெல்ட் போடாதவர்களுக்கு பரித்தோ கிடையாது.

ருத்திலியோ முதலில் சிரித்தார். தன் வேன் காலியாக ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. பீச் பறிப்பு உச்சத்தில் இருந்த ஒரு காலை, தோட்டத்து வாசலில் கையை விரித்து நின்று வண்டியை மறித்தார்.

"இந்த வண்டில வந்து எறங்குறவங்களுக்கு இங்க வேலை இல்ல."

"தோட்டம் எப்பலருந்து உன் பேருக்கு வந்துச்சு ருத்திலியோ?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள் தோன்யா செனாய்தா. "போர்டுல வேற யாரோ பேருல்ல போட்டிருக்கு."

"நான் கை காட்டுனாதான் வேலை. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா. நீ கை காட்டிதான் என் கால் இப்படி ஆச்சு."

எல்லோருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஓரிருவர் இறங்கிவிடலாமா என்று பார்த்ததை நானே பார்த்தேன். டெல்ஃபினா கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள்.

"எறங்கணும்னு நெனைக்கிறவங்க எறங்கலாம், தப்பே இல்ல. எனக்கு வருத்தமும் இல்ல. மத்தவங்க பெல்ட்ட போடுங்க."

யாரும் இறங்கவில்லை. வீட்டுக்குத் திருப்புகிறாள் என்று நினைத்தோம். அவள் அதே ரோட்டில் மேலே போனாள். ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் நிறுத்தி, "பறிக்க ஆள் இருக்கு, வேணுமா?" என்று கேட்டாள். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்த தோட்டம் ஹர்மிந்தர் என்ற பஞ்சாபிக்காரருடையது. பழம் கனிந்து தொங்குகிறது, வர வேண்டிய ஆட்கள் வரவில்லை, மனுஷன் தானே மகனோடு ஏணி போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா பறிப்பாங்களா?" என்று கேட்டார்.

"மத்தியானம் வரைக்கும் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க" என்றாள் டெல்ஃபினா.

மத்தியானம் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கெல்லாம் ரொட்டியும் பருப்பும் வந்தது. ரொட்டி எங்கள் டார்டியாவைப் போலத்தான் இருக்கிறது என்று தோன்யா செனாய்தா சான்றிதழ் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க அங்கேதான் பறித்தோம். இந்தப் பக்கம் ருத்திலியோ மேஸ்திரியாக இருந்த தோட்டத்தில் பழம் தரையில் விழுந்து அழுகியது. முதலாளி அவரை என்ன சொன்னாரோ, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலய வாசலில் டெல்ஃபினாவிடம் வந்து, "நாளைக்கு உன் ஆளுங்கள கூட்டிட்டு வா" என்றார்.

"அவங்க என் ஆளுங்க இல்ல. இதோ நிக்கிறாங்க, அவங்ககிட்டயே கேளுங்க."

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். தோன்யா செனாய்தாதான் பேசினாள். "நிழலுக்குக் கூடாரம், குடிக்கத் தண்ணி, ரெண்டும் வரிசைக்குப் பக்கத்துல இருக்கணும். அரை மைல் நடந்து போய்த் தண்ணி குடிக்க எங்களால முடியாது. அது வந்தா நாங்க வர்றோம்." அடுத்த நாள் இரண்டும் வந்திருந்தன. நாங்களும் போனோம்.

இரண்டாவது வண்டி வாங்கினபோது நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். டெல்ஃபினாவின் ஏற்பாடு என்னவென்றால், யார் ஓட்டுகிறார்களோ அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வண்டியைத் தங்கள் பேருக்கே எழுதிக்கொள்ளலாம். "எல்லா வண்டியும் என்னுதா இருந்தா நானும் ஒரு ருத்திலியோதான்" என்பாள்.

*

வண்டி வந்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. அம்மாக்கள் தூங்குகிற பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வருவார்கள். அந்த நேரத்தில் திறந்திருக்கிற குழந்தைகள் காப்பகம் எங்கே இருக்கிறது? அக்கம்பக்கத்தில் யாராவது கதவைத் திறந்தால் அங்கே விடுவார்கள். இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. ஒரு முறை மூன்று வயதுக் குழந்தையை டிவி முன்னால் தனியாக விட்டுவிட்டு வந்தேன் என்று ஒருத்தி வண்டியில் அழுதாள்.

டெல்ஃபினா முனையில் மூடிக்கிடந்த நாற்காலி மேஜைக் கடையைக் காட்டி, "இங்க ஒரு காப்பகம் வச்சா, காலைல நாலரைக்கே தொறந்தா?" என்றாள்.

"அதுக்குப் படிச்ச சர்டிபிகேட் வேணும்" என்றேன்.

"நீ எப்பவும் இதையே சொல்லு."

இந்த முறை அவள் பரீட்சைக்கு மட்டும் படிக்கவில்லை, எழுத்து வாசிக்கவே படித்தாள். இட்செலுக்குப் பள்ளியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த விதம் வேறாக இருந்தது. மணலில் விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே சத்தத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டெல்ஃபினா வீட்டில் மணலுக்கு எங்கே போவாள்? தட்டில் சோளமாவைப் பரப்பினாள். அம்மாவும் மகளும் அடுக்களை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து மாவில் எழுதுவார்கள்.

"அம்மா, அந்த எழுத்து அந்தப் பக்கம் பாக்கணும்."

"பாக்குது பாக்குது. உன் எழுத்துதான் தலைகீழா நிக்குது."

"மாவ வீணாக்காதீங்கடி" என்று, மறுநாள் பரித்தோவுக்காக அங்கே அடுப்பில் நிற்கிற தோன்யா செனாய்தா சத்தம் போடுவாள். எழுதி முடித்த மாவைப் பிசைந்து கொர்திதா என்ற தடி ரொட்டி சுட்டு அவர்களுக்கே கொடுப்பாள்.

வயது வந்தோர் பள்ளிக்குப் போனாள். பாடப்புத்தகங்களை ஒலிவடிவில் கேட்டாள், விரலை வரிமேல் வைத்துக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு வருடம் அவள் அம்மா படுக்கையில் விழுந்ததால் நின்றுபோனது. அந்த அம்மா போன பிறகு மறுபடி ஆரம்பித்தாள். விட்ட பள்ளிப் படிப்புக்கான பரீட்சை தேறி, குழந்தை வளர்ப்பு வகுப்புகளுக்காக ஃப்ரெஸ்னோவில் கல்லூரிக்குப் போய் வந்தாள். காலையில் வண்டி, மாலையில் வகுப்பு. கல்லூரியில் முதல் நாளே எழுந்து, "எனக்கு டிஸ்லெக்சியா. வாசிக்க மெதுவா வரும், காத்திருங்க" என்று சொன்னாளாம். வரலாற்று வகுப்பிலிருந்து வெளியே நடந்த பெண்ணா இது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

காப்பகம் திறந்த அன்று சுவரில் இன்னும் வர்ணம் காயவில்லை. தொட்டில்களைத் தச்சு வேலை தெரிந்த அப்பாக்கள் செய்துகொடுத்தார்கள். ஹர்மிந்தர் ஒரு லாரி நிறையப் பழைய பலகை அனுப்பினார். அம்மாக்கள் பிள்ளையைப் போர்வையோடு கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, பக்கத்திலேயே நிற்கிற வண்டியில் ஏறிவிடலாம். பிள்ளைகள் விடிந்தபிறகு எழுந்து, ஓட்ஸும் வாழைப்பழமும் சாப்பிட்டு, பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறுவார்கள். மருந்தடித்த வயலில் நாள் முழுக்க நின்ற அம்மா, பிள்ளையைத் தூக்குமுன் கை முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொள்ள உள்ளே ஓர் அறையும் கட்டினாள்.

கதை நேரத்தில் டெல்ஃபினாவே பிள்ளைகளுக்கு வாசிப்பாள். மெதுவாகத்தான் வாசிப்பாள், சில இடத்தில் நின்றுவிடுவாள். அவள் நின்றால் பிள்ளைகளும் புத்தகத்துக்குள் தலையை நுழைத்து அந்த வார்த்தை என்னவென்று தேடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எழுத்து தடுமாறுகிற பிள்ளை எது என்று அவளுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். தாயைத் தனியாகக் கூப்பிட்டு, பள்ளியில் எந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். அவசியமென்றால் கூடப் போவாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் கார் வந்து நின்றாலே ஆபீஸில் நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள்.

ருத்திலியோவுக்கு இப்போது முதுகுவலி, மேஸ்திரி வேலையை விட்டுவிட்டார். அவருடைய பேத்தியும் இந்தக் காப்பகத்தில்தான் வளர்ந்தாள். அவரும் டெல்ஃபினாவும் நண்பர்களானார்கள் என்று சொல்ல மாட்டேன். காலையில் பேத்தியை விட வருவார், தலையாட்டுவார், போவார். தோன்யா செனாய்தா மட்டும் அவரைச் சும்மா விடுவதில்லை. "ருத்திலியோ, கார்ல பெல்ட்டு போட்டியா?"

இட்செல் இப்போது கல்லூரியில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். தயங்காமல் கேட்கிறாள், அம்மா பழக்கம்.

போன வாரம் நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது டெல்ஃபினா வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும், புதிதாக ஏதோ யோசனை பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கொமாத்ரே, வயல் துணிய வீட்ல புள்ளத் துணியோட சேத்துத் துவைக்கிறாங்க எல்லாரும். அந்த மருந்து புள்ள மேல ஏறாதா?"

"ஏறும்தான்."

"பக்கத்துக் கட்டடம் காலியா இருக்கு. பெரிய மெஷின் பத்து போட்டா, வயல் துணிக்குன்னு தனியா..."

"யாரு பாத்துக்குவா அத?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒராலியாவுக்கும் ஒரு வண்டி இருக்கு, ஒரு பொழப்பு இருக்குன்னு நெனப்பு இருக்கா உனக்கு?" என்றேன். "நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். முட்டி வலிக்குது. என் பையன் கல்யாணம் வேற வருது."

"நான்தான் ஞானத்தாய், கல்யாணத்துல பாதி வேலை என்னுது. மீதி நேரத்துல நீ வாஷிங் மெஷினப் பாத்துக்க."

நான் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கட்டடத்தைப் பார்க்கலாம் வா என்றேன்.